வெள்ளையாத் தெரிஞ்ச வாசல்

என் அம்மா சுலோச்சனாவுக்கு, மாறன் கும்பிட்டு எழுதுறது. நான் நல்லாகீறேன். உன் முட்டிவலி எப்படி கீது?

இங்க மும்பை ஸ்டூடியோல ஒரு தமாஷும்மா. நீ வாசலாண்ட மீன் ஆய்ஞ்சிக்கினு இருந்தத தங்கச்சி புது போன்ல வீடியோ எடுத்து அனுப்பினா இல்ல? அது எச்.டி.ஆர் வீடியோ, வெளிச்சத்த ரொம்ப ஜாஸ்தியா பதியிறது. எங்க சாதா மானிட்டர் அவ்ளோ வெளிச்சத்தத் தாங்காது. உன் மூஞ்சி வெளிறிப்போயி, பின்னாடி வாசல் வெறும் வெள்ளையா தெரிஞ்சிது. உனக்கு உடம்பு சரியில்லையோன்னு பதறிட்டேன். எனக்கு வேலை கத்துக்குடுக்குற சார் சிரிச்சிட்டு, "இந்த மானிட்டருக்கு ஏத்தாப்புல வெளிச்சத்த இறக்கிப் பாருடா"ன்னாரு. இறக்கினேன். உன் மூஞ்சி பழையபடி களையா வந்துச்சு.

வாசலும் வந்துச்சும்மா. எதிர்ல அமீனா பீ அக்கா வூடு இல்ல, செங்கல் குவியல்தான் கீது. மிச்சம் நிக்கிற ஒத்த சுவத்துல சிவப்பு பெயிண்ட்ல, இடிக்கப்போற வூட்டுக்குப் போடுற நம்பர். நம்ம சுவத்துலயும் போட்டுட்டாங்களா?

போன்ல கேட்டா "ஒண்ணுமில்லடா"ன்னு வெச்சிடுவ. அதான் எழுதுறேன். நைனா போட்டோவ மொதல்ல கழட்டி, துணியில சுத்தி வெச்சிக்கோ.

ஷிஃப்டுக்கு நேரமாச்சு. இங்க சாப்பாடு எறங்கல, கொழம்புத்தூள் கொஞ்சம் அனுப்பு. அதுக்குள்ள உங்கள வேற எடத்துக்கு மாத்திட்டாங்கன்னா, பார்சல் மேல மந்தைவெளின்னு பழைய விலாசத்தப் போட்டு என்னை ஏமாத்தாதம்மா.

உன் புள்ள,
மாறன்