சாம்பல் ருசி

மார்ச் 29

திராட்சைக் கொடிகள் மேல் போட்டிருந்த பறவை வலைகளைச் சுருட்டியாகிவிட்டது. கடைசிக் கொத்தும் வெட்டி ஃபெர்கஸின் ஒயின் ஆலைக்குப் போய்விட்டது. முதுகு ஒடிகிறது. பன்னிரண்டு வருடமாக இதே ஏற்பாடுதான்: கொடி என்னுடையது, ஒயின் அவன் கைவேலை, புட்டியில் இரண்டு பேர் பெயரும். ஜனவரிக் கோடையில் மலைக்காடு எரிந்து, பதினொரு நாள் புகை எங்கள் பள்ளத்தாக்கிலேயே உட்கார்ந்திருந்தது. பழத்தைத் தின்று பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மழை கழுவிவிட்டுப் போய்விட்டது என்கிறான் ஃபெர்கஸ். இருக்கலாம்.

ஏப்ரல் 24

இன்று பீப்பாயிலிருந்து புது ஒயினை ருசி பார்த்தோம். வாயில் வைத்ததும் செர்ரிப் பழம், நன்றாகத்தான் இருந்தது. விழுங்கினேன் — அடித்தொண்டையில் சாம்பல். ஆறிப்போன கணப்பை நக்கின மாதிரி. இன்னொரு வாய் குடித்தேன், இன்னும் அதிகம். ஃபெர்கஸோ கண்ணை மூடிக்கொண்டு, இதுவரை போட்டதிலேயே இதுதான் உசத்தி என்கிறான். சாம்பல் அடிக்கிறதே என்றேன். சிரித்தான்.

"ப்ரான், நீ கொடியப் பாரு. ஒயின நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கறானாம்! ஐம்பத்தெட்டு வருடமாக என் வாயில் இருப்பது நாக்கில்லாமல் வேறென்ன?

ஏப்ரல் 25

அன்சாக் நாள். போரில் இறந்தவர்களுக்கான விடியற்காலை நினைவுக் கூட்டத்தில் ஃபெர்கஸ் எனக்கு இரண்டு ஆள் தள்ளித்தான் நின்றான். முடிந்ததும் நான் வேறு பக்கமாக நடந்துவிட்டேன். கோபம் ஆறவில்லை.

மே 17

ஒயினை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நச்சரித்து அனுப்ப வைத்தேன். வந்த எண்கள் ரெண்டுங்கெட்டான். கெட்டது என்றும் சொல்ல முடியாது, நல்லது என்றும் சொல்ல முடியாது. அவனுக்கு அது போதும். வரும் பிப்ரவரியில் புட்டியில் அடைத்து ஹோபார்ட் நகரக் கடைகளுக்கு அனுப்புவானாம், என் பெயரையும் போட்டு. என் பெயர் வராது என்றேன். அதற்கு அவன் கேட்டதுதான் இன்னும் குடைகிறது.

"உன் பழத்து மேல உனக்கே ஏன் இவ்ளோ வெறுப்பு?"

வெறுப்பா? ஒவ்வொரு கொடியும் நான் நட்டது. இந்த ஒயின் போனால் முதலில் போவது என்னுடைய ஒரு வருஷ உழைப்பு. நான் சொல்வது தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று எனக்குத்தான் ஆசை. இதுகூடவா அந்த மனுஷனுக்குப் புரியல? என்ன ஜென்மமோ.

ஜூன் 8

அவன் மனைவி இல்ஸா சமாதானம் செய்துவைக்கிற நினைப்பில் சாப்பிடக் கூப்பிட்டாள். வாலபி என்கிற குட்டிக் கங்காரு கறி. மேஜையில் அதே ஒயின். இல்ஸா ஒரு வாய் குடித்துவிட்டு, ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று அவனிடம் சொன்னாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். கோப்பையைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்! உனக்கும் தெரிகிறதல்லவா என்று பிடித்துக்கொண்டேன். முதலில் இல்லை என்றாள். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அந்த மூக்க நம்பித்தான் அவர் காலையில எந்திரிக்கறாரு, ப்ரான். அத எப்படி நான் ஒடைக்கறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பைத்தியக்காரி பட்டம் சுமக்கலாம், அவர் மூக்கு மட்டும் உடையக் கூடாது. வீட்டுக்கு வரும்வரை வண்டியில் தனியாகத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஜூலை 2

கவாத்து ஆரம்பம். குளிர்கால உறைபனி. விரல் விறைத்துப்போய் கத்தரி பிடிக்க முடியவில்லை.

ஜூலை 11

ஆய்வகத்துக்கு நானே போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமைசாலி. சிலர் வாய்க்கு இந்தப் புகை ருசி தெரியவே தெரியாதாம், பிறவியிலேயே அப்படியாம், பெரிய பெரிய ஒயின்காரர்களுக்கும் உண்டாம். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் திமிரில் சொல்கிறான் என்றுதானே இத்தனை நாள் நினைத்தேன்? சோதித்துப் பார்க்க அந்தப் புகை ருசிச் சாற்றை ஒரு சின்னக் குப்பியில் அனுப்புகிறாள்.

ஜூலை 20

குப்பியோடு ஃபெர்கஸிடம் போய், பயமாக இருந்தால் வேண்டாம் என்று சீண்டினேன், உடனே ஒப்புக்கொண்டான். மூன்று கோப்பை, மூன்றிலும் புகை படாத போன வருஷத்து ஒயின். நாங்கள் வெளியே நிற்க, இல்ஸா ஒன்றில் மட்டும் குப்பியிலிருந்து சொட்டு விட்டாள். வேறாக இருப்பது எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எனக்கு முகர்ந்ததுமே தெரிந்தது: நடுக்கோப்பை. அவன் குடித்தான். தண்ணீர் குடித்தான். திரும்பக் குடித்தான். கால்மணி நேரம். கடைசியில் இடது கோப்பையைக் காட்டினான்.

நான் குதிக்க வேண்டியது. குதிக்கத் தோன்றவில்லை.

அப்போதுதான் இல்ஸா வாயைத் திறந்தாள். "அந்தச் சாம்பல் எனக்கும் தெரிஞ்சுது, ஃபெர்கஸ். மொதல்லேர்ந்தே."

அவன் கோப்பையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். "நல்லா இருக்குன்னியே" என்றான். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30

வடிசாலை லாரி வந்து ஒயின் மொத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டு போனது. பிராந்தியாகக் காய்ச்சுவார்களாம். குழாயைப் பிடித்துக்கொண்டு அவனேதான் நின்றான். இந்த வருஷம் எங்கள் பெயரில் புட்டி கிடையாது. என் சண்டை ஜெயித்துவிட்டது, நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அந்தக் காட்டுத் தீயை யாரிடம் போய்த் திட்டுவது?

ஏப்ரல் 21

அடுத்த அறுவடையும் ஆயிற்று, இந்தக் கோடையில் புகை இல்லை. ஆனாலும் ஃபெர்கஸ் காலையில் ஆள் அனுப்பி ருசி பார்க்கக் கூப்பிட்டான். இத்தனை வருடத்தில் கூப்பிட்டதில்லை, நானாகத்தான் போவேன். பீப்பாயிலிருந்து இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றை என் கையில் கொடுத்தான். தன்னுடையதைப் பீப்பாய் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். குடித்தேன், விழுங்கினேன், ஒரு நிமிஷம் காத்திருந்தேன். சுத்தமாக இருக்கிறது என்றேன்.

"நெஜமாவா? இல்ல, எனக்காகச் சொல்றியா?"

"உனக்காக நான் என்னிக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

அதற்கப்புறம்தான் தன் கோப்பையை எடுத்தான்.