உட்கார்ந்து சமைக்க ஒரு மேடை

2006 ஜூன் 11

மூன்றாவது தோசையில் முழங்கால் மடங்கியது. மேடையைப் பிடித்துக்கொண்டேன், விழவில்லை. தோசைதான் கருகியது.

டாக்டர் சொல்வது: நிற்காதீர்கள். ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பெங்களூரிலிருந்து மகன் சுபாஷ் போனில் சொல்வது: "எதுக்கும்மா சமைக்கறே? வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடு."

ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன்: இந்த வீட்டில்தான் இருப்பேன், எனக்கு நான்தான் சமைப்பேன். நிற்க முடியாது, அவ்வளவுதானே? உட்கார்ந்து சமைக்கிறேன்.

ஜூன் 14

பள்ளிக்கூடப் பணியில் இருந்தபோது ஒருமுறை எட்டாம் வகுப்பைச் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை பார்க்க அழைத்துப்போனேன். வரிசையாகப் பெண்கள். ஒருத்தியும் நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும்படி சின்னச் சின்னத் தட்டுகளில் உதிரிபாகங்கள் எல்லாம். அவர்களை யாராவது நோயாளி என்றார்களா?

இன்று சமையலறை நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். துடைப்பக் குச்சியில் சாக்பீஸைக் கட்டி, கையை நீட்டித் தரையில் ஒரு அரைவட்டம் போட்டேன். அடுப்பு, தொட்டி, அஞ்சறைப்பெட்டி எல்லாம் கோட்டுக்குள். மேல் அலமாரி கிடையாது. ஏறி எடுக்க வேண்டியது எதுவும் இனி எனக்கு வேண்டாம்.

ஜூன் 19

மேஸ்திரி ராமப்பன் கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கோலமா டீச்சரம்மா?"

"சமையலறை. பழைய மேடையை எடுத்துட்டுப் புது மேடை, இரண்டடி உயரம். அடியில் கால் நீட்ட இடம் விடணும்."

"ரெண்டே முக்கால் அடிதாம்மா போடுவோம். நாளைக்கு வாங்க வர்றவங்க சிரிப்பாங்க."

வாங்க வருகிறவர்களா? சுபாஷ் இவரிடமும் பேசியிருக்கிறான்! யாரென்றே தெரியாத ஒருவரின் வசதிக்கு நான் ஏன் மேடை கட்ட வேண்டும்? சட்டை தைப்பவர் என் அளவை எடுப்பாரா, பக்கத்து வீட்டுக்காரர் அளவை எடுப்பாரா?

ஜூன் 22

பாங்க்குக்குப் போய்த் திரும்புவதற்குள் செங்கல் சுவர் என் இடுப்பு உயரத்துக்கு எழுந்து நிற்கிறது.

"சுபாஷ் தம்பி போன்ல சொன்னாரும்மா, அம்மா அப்படித்தான் சொல்லும், நீங்க போடுங்கன்னு."

"உடைங்க."

தெலுங்கில் முனகினார், கிழவிக்குப் பிடிவாதம் என்று. தெலுங்கு புழங்கும் தளியில் எட்டு வருடம் பாடம் எடுத்தவள் நான். நானும் தெலுங்கிலேயே பதில் சொன்னேன்: பிடிவாதம்தான், உடையுங்கள். மனுஷனுக்கு முகமே வெளுத்துவிட்டது. உடைத்தார்.

ஜூன் 26

சிலிண்டரை மறந்துவிட்டேன்.

ஜூன் 27

நேற்று அதற்குமேல் எழுத மனம் வரவில்லை. கிரானைட் போட்டாயிற்று, வழவழவென்று இருக்கிறது. சிலிண்டரோ மேடையைவிட உயரம்! அடியில் நுழையாது. கேஸ் கொண்டுவரும் பெருமாள் தலையை ஆட்டிவிட்டார். "பக்கத்துலயும் வெக்கக் கூடாது டீச்சர். அடுப்பு மேல இருக்கணும், சிலிண்டர் கீழ இருக்கணும்."

சுபாஷுக்கு யார் சொன்னார்களோ, உடனே போன். "இப்பவாவது கிளம்பறியா?" குரலில் என்ன சந்தோஷம்! அம்மா தோற்றால் இவனுக்கு இவ்வளவு இனிக்குமா?

தோற்கவில்லைடா. கணக்கில் ஒரு வரி விட்டுப்போனால் அந்த வரியைச் சேர்த்து மறுபடி போட வேண்டும். சிலேட்டையா தூக்கி எறிவார்கள்?

ஜூன் 28

கொல்லைப் பக்கம் போக மூன்று படி இறங்க வேண்டும். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வீட்டை அவ்வளவு உயர்த்திக் கட்டினோம். அப்படியானால் சுவருக்கு வெளியே தரையே பள்ளம்தானே! அங்கே ஒரு கம்பிக்கூண்டு, அதற்குள் சிலிண்டர். சுவரைத் துளைத்துக் குழாய். உள்ளே என் கைக்கெட்டும் இடத்தில் ஒரு வால்வு.

பெருமாள் இறங்கிப் பார்த்தார். "ஓட்டல்ல இப்படித்தான் வெப்பாங்க டீச்சர். செய்யலாம்."

"அப்ப இதுவும் ஓட்டல்தான்."

சுபாஷ் விடவில்லை. "திடீர்னு தீர்ந்தா? அந்தக் காலை வெச்சிக்கிட்டு நீ படி இறங்குவியா?"

"தீர்ந்தா அன்னைக்கு அவல் ஊறவெச்சுச் சாப்பிடுவேன்." போனை வைத்துவிட்டேன். அவன் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வைத்தது இதுதான் முதல் தடவை.

ஜூலை 9

மாவு தீரும்வரை தோசை. உட்கார்ந்தபடி. ஒன்றுகூடக் கருகவில்லை.

ஜூலை 16

சொல்லாமல் கொள்ளாமல் மகனும் மருமகளும் பைக்கில் வந்து இறங்கினார்கள். சுபாஷ் தானே காபி போடுகிறேன் என்று மேடை முன்னால் வளைந்து நின்றான். பால் பொங்குவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மருமகள் சத்யப்ரியா நாற்காலியில் போய் உட்கார்ந்து, "தள்ளுங்க, வளைஞ்சு நிக்கறவங்களுக்கு இங்க வேலை இல்ல" என்றாள்.

அவன் கொல்லைக்கு இறங்கினான். கூண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தைத் தடவினான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு எங்கோ போனான். திரும்பி வந்தபோது கையில் ஒரு பூட்டு.

"திறந்தாப்புல கெடக்குது, எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்" என்று சொல்லிக்கொண்டே பூட்டினான். இரண்டு சாவி. ஒன்றை வால்வுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினான். மற்றதைத் தன் பைக் சாவி வளையத்தில் கோத்துக்கொண்டான்.

"கேஸ் கம்பெனியில இன்னொரு சிலிண்டருக்கும் எழுதி வெச்சிடறேன். தீர்ந்தா போன் பண்ணு. நான் வந்து மாத்தறேன்."

"காபி ஆறுது" என்றேன்.