மேடையில் சொல்லாத ஏலக்கதை

மே 5, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. ஆற்றுப் பக்கமிருந்து பொட்டுக் காற்றில்லை. மாடியில் வடகம் பிழிந்தாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு லீவு, டீச்சருக்கு எங்கே லீவு?

சனிக்கிழமை சங்ககிரிப் பக்கம் மாரியம்மன் பண்டிகை, பட்டிமன்றம். தலைப்பு: வெள்ளைக்காரனின் ஒரு சின்னத் தீவு உலகத்தையே வளைத்துப் போட்டது எதனால்? அவர்கள் கப்பலாலும் துப்பாக்கியாலுமா, நம்மூர்க் கைகளாலா? நான் நம்மூர்க் கைகள் அணி. எதிரணியில் ஆரோக்கியம் சார். சேலத்துக்காரர், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருடமாக மேடையில் என்னைக் கிழித்துவிட்டு, கீழே இறங்கியதும் பஜ்ஜி வாங்கித் தருபவர்.

பேச வேண்டியவை:
– வந்தது ராஜா இல்லை. பங்கு போட்டுக் கப்பல் விட்ட வியாபாரக் கம்பெனி.
– ராஜாக்களுக்குள் சண்டை. ஒருவனை அடிக்க இன்னொருவன் கம்பெனியைக் கூப்பிட்டான்.
– சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். சம்பளம் நம் நிலவரி. (நம் காசில் நம்மை அடித்தான். இங்கே கைதட்டல்.)
– மிட்டா ஏலம். கடைசியாக. இதுதான் என் சரக்கு.

மைசூர்க்காரர்களிடமிருந்து இந்தப் பக்கமெல்லாம் கம்பெனி கைக்கு வந்ததும், ஊர்களைக் கூறு போட்டு ஏலம் விட்டார்கள். ஒவ்வொரு கூறும் ஒரு மிட்டா. எடுத்தவர் மிட்டாதார். குடியானவர்களிடம் வரி வசூலித்து, கம்பெனிக்குரியதைக் கட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் ஊருக்குள் கால் வைக்க வேண்டியதே இல்லை.

கோவையில் வேலை பார்க்கும் மகள் நிவியிடம் போனில் பேசிக் காட்டினேன். "செம்மம்மா. இதுலயே முடிச்சிரு" என்றாள். சந்தோஷம்.

வடகத்தைக் காக்கை கொத்துகிறது.

மே 6, புதன்

வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அம்மிணி, சனிக்கெழம கூட்டத்துக்கு யாரு தலைமைன்னு தெரியுமா? மிட்டா ஊட்டுப் பெரியவரு. பொண்ணோட அம்மா பேசறதக் கேக்கோணும்னு குடும்பத்தோட வாராங்களாமா. முன்வரிசையாமா."

நிவிக்குப் பார்த்திருக்கும் இடம். ஜாதகம் பொருந்தியாயிற்று. பையன் கார்த்தியும் இவளும் ஒரு மாதமாகப் போனில் பேசுகிறார்கள். பெரியவர் வாயிலிருந்து 'சரி' என்ற ஒரு சொல்தான் பாக்கி.

மிட்டா வீடு என்று ஊரே சொல்லும், நானும் சொல்வேன். என் பேச்சில் வரும் மிட்டாவும் அதுவும் ஒன்று என்று நேற்று தோன்றவில்லையா? தோன்றியது. அவர்கள் எங்கே வந்து கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

"அந்த ஏலத்தக் கீலத்தப் பேசி வெச்சராத. ஆமாஞ் சொல்லிப்புட்டேன்."

"நான் என்னுங்க பேசறது அப்புறம்? அதுதானுங்க என் பாயிண்டே."

"பாயிண்ட வெச்சுட்டு என்ன பண்றது? புள்ளைக்கு இருவத்தெட்டாவுது."



மே 8, வெள்ளி

புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

ஆரோக்கியம் சாருக்கு போன். அணி மாறிக்கொள்ளலாமா என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை.

"போஸ்டர் அடிச்சாச்சு டீச்சர். எனக்கு மட்டும் இந்த அணி ஆசையா? ஆரோக்கியசாமின்னு பேரை வச்சுக்கிட்டு வெள்ளைக்காரன் கெட்டிக்காரன்னு பேசினா, பின்னாடியிருந்து ஒருத்தன் 'உங்க ஆளுதானே'ன்னு கத்துவான். கத்தட்டும். பழகிருச்சு."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குப் பழகிப்போனது இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது.

பிறகு சொன்னார்: "மிட்டாவுக்குப் பதில் ரெடி. 'ஏலம் எடுத்த கை நம்ம கைதான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு சொன்ன வாய் யாரோடது?' எப்படி? நீங்க எடுத்துக் குடுக்கலேன்னா நான் அந்தரத்துல நிப்பேன், பாத்துக்கங்க."

எங்களுக்குள் இது வழக்கம். மேடையில் பார்த்தால் பரம எதிரிகள். யார் எதை எடுத்துக் கொடுப்பது, யார் எப்படித் திருப்புவது என்பதெல்லாம் முன்பே பேசி வைத்தது. "சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன்.

சொன்னால்: இந்த இடம் போகும். நிவிக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. வாய் விட்டுச் சொல்லவில்லை, கார்த்தி என்று சொல்லும்போது குரல் மாறுகிறது.
சொல்லாவிட்டால்: ஒன்றும் ஆகாது.
ஆரோக்கியம் சார் வருத்தப்படுவார். வேறொன்றும் ஆகாது.

அரக்குப் பட்டா, பச்சைக் காட்டனா? ஜாக்கெட்டில் கொக்கி தைக்க வேண்டும்.

மே 9, சனி

குறிப்பில் மிட்டாவை அடித்தேன். மறுபடி எழுதினேன். ஊர்ப் பெயர் சொல்லாமல், 'ஒரு பக்கத்தில்' என்று சொன்னால் என்ன? சங்ககிரியில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியாது? அவர் வண்டியைத் துடைக்கிறார். மேடை ஏழு மணிக்கு.

மே 10, ஞாயிறு

நேற்று நல்ல கூட்டம். எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, மிட்டா வீட்டாருக்கு மட்டும் குஷன். பெரியவர், அவர் மனைவி, நடுவில் கார்த்தி. அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். நல்ல முகம்.

கம்பெனி, ராஜாக்கள், சிப்பாய் சம்பளம். நினைத்த இடத்தில் கைதட்டல். மிட்டா வர வேண்டிய இடம் வந்தது. தண்ணீர் குடித்தேன். ஆரோக்கியம் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆகவே நடுவர் அவர்களே" என்று முடித்துவிட்டேன்.

சார் என்னைப் பார்த்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். எழுந்து, புயலில் கப்பல் ஓட்டுவதைப் பற்றி என்னவோ பேசிச் சமாளித்தார்.

கடைசியில் பெரியவர் தலைமையுரை. "டீச்சரம்மா ஒண்ண உட்டுட்டாங்க. எங்க பாட்டனுக்குப் பாட்டன் வெள்ளக்காரங்கிட்ட இந்த ஊரையே ஏலத்துல எடுத்தாருங்க. வரி கட்டாதவன வெயில்ல நிக்க வெச்சு வசூல் பண்ணுனாருங்க. அந்தக் கட்டுப்பாடு இன்னைக்கி எங்கீங்க இருக்குது?" சிரித்துக்கொண்டே சொன்னார்.

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். முதலில் தட்டியது நான்தானோ என்று இப்போது சந்தேகம். கார்த்தி மட்டும் தட்டவில்லை. கூச்சம் என்று நினைத்தேன்.

பஜ்ஜி இல்லை. சார் "பஸ்ஸுக்கு நேரமாச்சு டீச்சர்" என்று போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் பெரியவரின் மனைவி போன்: "வெள்ளிக்கெழம உறுதி பண்ணிக்க வாரமுங்க." நிம்மதியில் அழுதேன். வெட்கமாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

இன்று பதினோரு மணி பஸ்ஸில் நிவி வந்தாள். முகம் கழுவவில்லை, வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏலக்கதை எங்கம்மா போச்சு?"

"நேரமாயிருச்சு கண்ணு."

"போன்ல லைவ் பாத்துட்டுத்தான் இருந்தேன். தண்ணி எடுத்தியே, அப்பவே தெரிஞ்சிருச்சு."

செவ்வாய்க்கிழமையே கார்த்தியிடம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் தினமும் கேட்டுச் சலித்துப்போன பெருமையாம் அவனுக்கு. அப்பாவிடம் எதிர்த்துப் பேசி அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லையாம். மேடையில் ஒருவர் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று, அப்பாவைத் தலைமைக்குச் சம்மதிக்க வைத்து எல்லோரையும் கிளப்பிக் கூட்டி வந்ததே அவன்தானாம்.

"உனக்காகத்தானே சாமி வாய மூடுனேன்," என்றேன். கத்திவிட்டேன் போல. அவர் எட்டிப் பார்த்தார்.

அவள் கத்தவில்லை. "தெரியும்மா. கையில மைக்கு, முன்னாடி அத்தன சனம். நீயே முழுங்கிட்ட. நாளைக்கு அந்த ஊட்டுச் சமையக்கட்டுல நின்னுட்டு நான் என்னம்மா பேசுவேன்?"

அவர் உள்ளே சமையல்காரரிடம் வெள்ளிக்கிழமைக்குப் பேசி முடிக்கிறார். வடை வேண்டுமா என்று என்னைக் கேட்கிறார். நிவி மாடியில். வடைக்குச் 'சரி' என்றாயிற்று; நிவி கேட்டதற்குத்தான் மாடி ஏற வேண்டும்.