ஆட்டுத்தலையில் கத்தி வைத்தவன்

தம்பி,

தீர்ப்பு வந்துவிட்டது. உன் மச்சானுக்கு எட்டு வருஷம். சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கியவன் நேரே அல்மாத்தி பஸ் ஏறிவிட்டாய், உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

கொலை நடந்த சாயங்காலம் அவர் உன் வீட்டு விருந்தில் இருந்தார். இருந்தது நாம் மூன்று பேர்தான். பெண்டாட்டி பேச்சை யார் நம்புவார்கள்? உன்னைத்தான் நம்பியிருந்தேன்.

அந்த அரசு வக்கீலும் கஸாக்தானே, நம் விருந்து வழக்கம் தெரிந்தவன், கேட்க வேண்டியதைக் கேட்டான். "ஆட்டுத்தலைய யாருப்பா அறுத்தது?"

"நான்தான்."

"உங்கப்பா உசிரோட இருக்காரா?"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. அப்பா உயிரோடு இருக்கும்போது நம்மில் எந்த மகன் ஆட்டுத்தலையில் கத்தி வைப்பான்?

"அப்போ விருந்துன்னு சொன்னதே பொய்யா?"

அன்றைக்குக் கத்தியும் கையுமாக என்னிடம் சொன்னாயே, "எனக்கு அவர் செத்து ரொம்ப நாளாச்சுக்கா" என்று, அதைச் சொல்லியிருந்தால் போதும். கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தாய். "தப்பா சொல்லிட்டேன், விருந்தே நடக்கல" என்றாய்.

நாசமாய்ப் போ என்று உன்னைத் திட்டிக்கொண்டேதான் வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா மெல்லக் கேட்டார். "அவன் நெஜமாவே அறுத்தானாம்மா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். "இல்லப்பா. விருந்தே நடக்கல."

அப்பா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"அப்போ மாப்பிள்ளதான் கொன்னுருக்கான்," என்றார்.

அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

உன் அக்கா