நிற்பதுபோல் சுழன்ற தண்டு

தை 9
எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் மலர்கொடி எழுதுகிறாள். ரஞ்சன்குடிக்குத் தெற்கே காட்டில் இன்று சாக்கு உதறி வைத்தேன். நாளைக்கு அங்கே மக்காச்சோளக் கதிர் அடிப்பு. அடிக்கிற மிஷினும் அதை ஓட்டும் டிராக்டரும் குருமூர்த்தியுடையவை.

தை 10
எங்களோடு வேலைக்கு வந்த இருசம்மாளின் வலது கை போய்விட்டது. டிராக்டரிலிருந்து மிஷினுக்குப் போகும் தண்டில் முந்தானை மாட்டிக் கையையும் இழுத்துக்கொண்டது. நாலடி தள்ளித்தான் நின்றேன்.
மலர்கொடி பேனாவை மூடப் போகிறாள். போதும்.

தை 11
குருமூர்த்தி டீக்கடைக்குக் கூப்பிட்டார். "பெரியவரே, பாத்ததச் சொல்லுங்க. போலீசுக்கு நானே எழுதித் தரேன்" என்றார். சொன்னேன். எழுதினார். ரேகை வைத்தேன். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு எதுவானாலும் ஊரில் சாட்சிக்கு என் கட்டைவிரல்தான். படித்துக் காட்டச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

தை 14
ஆஸ்பத்திரியில் இருசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
"நானா மாமா தலை சுத்தி வுழுந்தேன்? ஒங்க ரேகையாம்ல."
அவள் செல்போனில், குருமூர்த்தி போலீசில் கொடுத்த அந்தக் காகிதத்தின் படம். மலர்கொடி படித்தாள்: மிஷின் நின்றிருந்தது, அவளுக்குத் தலை சுற்றியது.
இதை நானா சொன்னேன்? சுத்துனது தண்டு. அவ தலை இல்ல. பாவி, என் வாயில என்னத்த வச்சிட்டான்—
இப்படியே விட்டால் தப்பு அவள் மேல்தான் என்று முடிந்துபோகும்.

தை 15
நானும் மலர்கொடியும் ஸ்டேஷனுக்குப் போனோம். "ரேகை என்னுதுங்க சார். பேச்சு என்னுது இல்ல."
ஏட்டு சிரித்தார். "வயசாச்சே, நெனப்பு இருக்குமா?"
பதினேழாவது மூட்டையைத் தைத்து முடித்த நேரம். அவள் சேலை ஊதா. டிரைவர் ராஜேஷ் சீட்டில் உட்கார்ந்து செல் பேசிக்கொண்டிருந்தான். எஞ்சின் ஓடியது. எல்லாம் சொன்னேன். 'தண்டு சுற்றியது' என்று எழுதப் போனார்.
"சுத்துச்சுன்னு போடாதீங்க சார். சுத்துறது செக்கு மாடு. வரது தெரியும், வெலகிக்கலாம். இது சொழண்டுச்சு. அந்த வேகத்துல நிக்கிற மாதிரிதான் தெரியும். அதான் நிக்குதுன்னு நெனச்சு அவ பக்கத்துல குனிஞ்சா."
ஏட்டு இப்போது சிரிக்கவில்லை. 'சுழன்றது' என்று போட்டார். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் விரலை மையில் வைத்தேன்.

மாசி 2
குருமூர்த்தியின் மிஷின் எங்கள் தெரு வழியாகப் போனது. என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை.
தண்டை மூடிப் புதிதாகத் தகரக் கூடு. வெல்டிங் வைத்த இடம் இன்னும் கறுப்பாக இருந்தது.