வால்வ் ரெண்டும் பழசு

கொட்டாஞ்சேனை,
செவ்வாய் இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின் காவலில் நீங்கள் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம், அப்பாவும் சுகம். அப்பா சுகம் என்பதை வழமைக்காக எழுதவில்லை அம்மா, உண்மையாகவே சுகம், நெஞ்சும் சுகம், இரத்மலானை மாமி உங்களுக்கு ஃபோனில் அழுது அழுது சொன்னது ஒன்றும் சரியில்லை. டிக்கெட் போடாதீர்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் இதை முழுக்க வாசித்துவிட்டு என்ன செய்வது என்று நீங்களே யோசியுங்கள். என் ஃபோன் இப்போது மாமியிடம் இருக்கிறது, நீங்கள் எடுக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறார், அதனால்தான் நான் ஓம், இல்லை என்று மட்டும் கதைத்தேன். மாமி முன்னறையில் படுத்திருக்கிறார், நான் குசினியில் தேங்காய் துருவும் பலகையில் இருந்து எழுதுகிறேன், அவருடைய கட்டில் ஒரு தரம் முனகினாலும் என் கை நின்றுவிடுகிறது, எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

எல்லாம் தொடங்கியது அந்த ஹெட்போனில்தான். நீங்கள் அங்கே பார்த்துக்கொள்கிற பெரியவர் தன்னுடைய பழைய ஹெட்போனை அப்பாவுக்கென்று தந்தாரே, உங்கள் பக்கத்தில் வேலை செய்கிற மேல் மாடி சுகிர்தன் அண்ணா இந்த முறை லீவில் வந்தபோது அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து தந்தார். அப்பா ஆசையாக ஃபோனில் குத்திக் காதில் வைத்தார், கொசு பாடுகிற மாதிரிக் கேட்குது என்று கழற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார், அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் ஓ.எல். சோதனைக்குப் படிக்கத் தொடங்கியதிலிருந்து அப்பா வீட்டில் பாட்டுப் போடுவதில்லை. துறைமுகத்தில் பகல் முழுக்க கிரேன் சத்தத்துக்குள் இருந்துவிட்டு வந்து, என் படிப்புக் குழம்பும் என்று சத்தமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். நான் போடச் சொன்னாலும் மாட்டார். அதனால் அந்த ஹெட்போனை எப்படியும் பாட வைப்பது என்று முடிவெடுத்தேன், என் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய காசு அப்படியே இருந்தது.

விஞ்ஞான டீச்சரிடம் கேட்டேன். அதன் உள்பக்கத்தில் மின்தடை எத்தனை ஓம் என்று எழுதியிருக்கும், அதைப் பார் என்றார். அறுநூறு என்று இருந்தது. அவ்வளவு ஓம் கூடிய ஹெட்போனைத் தள்ள ஃபோனுக்குப் பலம் போதாது, நடுவில் ஒரு அம்ப்ளிஃபயர் வேணும், இந்த மாதிரிப் பழைய ஹெட்போனுக்கு டியூப் உள்ள அம்ப்ளிஃபயர் நன்றாகப் பொருந்தும் என்றார். சரி என்று புறக்கோட்டைக்குப் போய், டியூப் இருக்கா என்று கேட்டால், கடைக்காரர் ஏணியில் ஏறி நின்று எத்தனை அடி டியூப் லைட் வேணும் என்று கேட்கிறார். இன்னொரு கடையில் சைக்கிளுக்கா என்றார்கள். மூன்றாம் கடையில் இருந்த வயதான ஒருவர்தான், அந்தக் காலத்து ரேடியோவுக்குள் இருக்குமே கண்ணாடிக் குமிழ், அதை இங்கே வால்வ் என்றுதான் கேட்க வேணும் மகள் என்று சொல்லித் தந்தார். அன்று முதல் நானும் வால்வ் என்றே சொல்லப் பழகினேன், வினை அங்கேதான் பிறந்தது.

உங்கள் காசை நான் கண்டபாட்டுக்குக் கரைக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன். முதலில் பார்த்தது புத்தம் புதிய சின்னப் பெட்டி, விலையும் குறைவு, குமிழ் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது, ஆனால் சுவிட்சைப் போட்ட கணமே பாடியது. வால்வ் என்றால் சூடேற வேண்டுமே என்று யோசித்து, அந்தக் குமிழைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கழற்றினார். பாட்டு நிற்கவில்லை, வெளிச்சமும் போகவில்லை, குமிழுக்குக் கீழே ஒரு குட்டி பல்ப் ஒளித்து வைத்திருக்கிறார்கள். நான் சிரித்ததும், லைட் எக்க லஸ்ஸனய் நே நங்கி என்கிறார், வெளிச்சம் அழகாய் இருந்தால் போதுமாம். அடுத்தது ஜப்பானில் இருந்து வந்த பழைய பெட்டி, நல்ல சாமான்தான், ஆனால் அங்கத்தைய கரண்ட் வேறு, இங்கே நேரே குத்தினால் புகைதான் வரும், அதற்கென்று தனியாக வாங்க வேண்டிய டிரான்ஸ்ஃபோமர் பெட்டியை விட விலை கூட. பாகங்களை வாங்கி நானே ஒட்டுவது என்றும் நினைத்தேன், அதற்குள் ஓடுகிற கரண்ட் சுவிட்சை நிற்பாட்டிய பிறகும் கடிக்கும் என்று டீச்சர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

கடைசியில் மாளிகாவத்தையில் பதியுதீன் நானாவின் கடையில் ஒன்று கிடைத்தது, இரண்டு வால்வ் உள்ள சின்னப் பழைய பெட்டி. அறுநூறு ஓம், அறுநூறு ஓம் என்று நான் சொல்ல, ஓம் ஓம்ண்டு தலையாட்டாம அறுநூறு என்னண்டு செல்லுங்க மகள் என்று அவர் கேட்க, கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். போட்டுக் கேட்டபோது இடது காதில் கரகர என்றது. இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போடச் சொன்னேன், கரகரப்பு வலது காதுக்கு ஓடியது. அப்படி என்றால் பெட்டியில் பிழை இல்லை, வால்வில்தான் பிழை, வால்வை மாற்றலாம். பெட்டியை அவர் விலை குறைத்துத் தந்தார், அரிசிப் பேணிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பிறகு பின் பல்கனியில் நின்று, வால்வ் சோடி ஒன்று சேர்த்துத் தரும்படி நானாவிடம் ஃபோனில் கெஞ்சினேன். நான் கதைத்தது சொல்லுக்குச் சொல் இதுதான்: வால்வ் ரெண்டும் பழசுதானே, எந்த நேரமும் நிண்டு போகும், கெதியா மாத்தினால்தான் நல்லது, அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை, எல்லாம் மாத்தி முடிச்ச பிறகு சொல்லுவம்.

மாமி அன்று பலாக்காயோடு வந்து குசினியில் நின்றிருக்கிறார். அதை நான் காணவில்லை.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் போன பிறகு, தனக்குத் தெரிந்தவர் வேலை செய்கிறார் என்று அப்பாவைக் களுபோவில ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். பிள்ளைக்கே தெரிஞ்சு போச்சு, இனியும் மறைக்காதை தம்பி என்று வழி முழுக்க அழுகையாம், அப்பாவுக்கோ தான் எதை மறைக்கிறேன் என்று விளங்கவில்லையாம். பஸ்ஸில் இருந்தபடியே உங்களுக்கும் எடுத்து, தம்பி ஒஸ்வால்டின்ர நெஞ்சு வால்வ் ரெண்டும் போச்சாம் எண்டு சொல்லிவிட்டார். அங்கே டொக்டர் ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இன்னும் கனகாலம் கிரேன் ஓட்டலாம், கூட வந்த அக்காவுக்குத்தான் பிரஷர் பார்க்க வேணும் என்று சிங்களத்தில் பகிடி விட்டிருக்கிறார்.

நான் வீட்டுக்கு வந்ததும் மாமி என்னைக் கட்டிப்பிடித்தார், பிறகு நான் விஷயத்தைச் சொல்லிப் பெட்டியைத் தூக்கிக் காட்டியதும் தள்ளிவிட்டார். பெட்டிக்கு வால்வோ, பெட்டிக்கு நெஞ்சிருக்கோ, இதுக்கோ நான் லீவு போட்டு ஊர் சிரிக்க அழுதனான் என்று ஏசினார். அப்பா ஏசவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், சூடேறும் வரை பொறுத்து ஹெட்போனைக் காதில் வைத்தார். வலது பக்கம் கரகரத்திருக்கும், அவர் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், கால் பெருவிரல் மட்டும் ஆடியது. எனக்கு அழுகை வந்தது அம்மா. பாட்டு முடிந்ததும் ஒரு காதை மட்டும் தூக்கி, அக்கா, அவள் ஃபோனில் என்ன சொன்னவள் என்று உங்களைப் பற்றிக் கேட்டார். உடனே வெளிக்கிட்டு வாறாளாம் என்றார் மாமி. அப்பா காதை மூடிக்கொண்டு அடுத்த பாட்டைக் கேட்டார். சாப்பிடும்போதுதான், இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ, வாறவள் வரட்டும் என்றார், என்னைப் பார்க்காமல்.

மாமிக்கும் தான் பிழையாகக் கேட்டதை ஒத்துக்கொள்ளாமல் தப்ப ஒரு வழி கிடைத்துவிட்டது. நீ வாயைத் திறந்தாய் எண்டால் பெட்டி மாளிகாவத்தைக்குப் போகும், நீ இரத்மலானைக்கு வருவாய் என்று எனக்குச் சட்டம் போட்டிருக்கிறார். நோயாளிக்குத் துணை என்று இங்கேயே தங்கியும்விட்டார். நோயாளி ஒவ்வொரு நாளும் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்.

எனக்குப் பயம்தான். இந்தக் கடிதம் பிடிபட்டால் மாமி என்ன செய்வார் என்று தெரியாது, அதைவிட அப்பா என் முகத்தை எப்படிப் பார்ப்பார் என்று நினைக்கத்தான் கூடப் பயம். ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன். பெட்டிக்காக நான் பொய்க்குக் கூட்டு நிற்க மாட்டேன், பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டேன், மாமி கொண்டு போய்க் கொடுத்தால் நான் நடந்து போய்த் திருப்பித் தூக்கிக்கொண்டு வருவேன். அங்கே நிரந்தரமாய் இருக்கிறதுக்கான பெர்மிட் கைக்கு வருமுன் வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். இத்தனை வருஷம் வேறு வீட்டுக் கிழவருக்குச் சோறு ஊட்டிக் காத்திருந்ததை, பலாக்காயோடு வந்து ஒட்டுக்கேட்ட ஒரு சொல்லுக்காக விட்டுவிடுவதா? அப்பாவை ஏசாதீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, உங்களைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை, மாமியின் வாய் வந்தது, அதைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் நீங்கள் வர வேண்டும் அம்மா, பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் வேண்டும். ஆனால் அப்பா செத்துப்போவார் என்று நடுங்கிக்கொண்டு பிளேனில் ஏறி நீங்கள் வர வேண்டாம். எங்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றால் வாருங்கள், பெர்மிட் போனாலும் பரவாயில்லை என்று நீங்களே நினைத்தால் வாருங்கள், நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். இல்லாவிட்டால் இருந்து முடித்துவிட்டு வாருங்கள், நாங்கள் சமாளிப்போம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று சுகிர்தன் அண்ணா சொன்னார், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். அவர் வியாழக்கிழமை திரும்பிப் போகிறார். மாமி உங்களுக்கென்று மிளகாய்த்தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறார், பொதியை மேலே கொண்டு போய்க் கொடுப்பது நான்தான், கடிதத்தை அண்ணாவின் கையிலேயே தனியாகக் கொடுத்துவிடுவேன். தூள் நல்ல வாசமாக இருக்கிறது, அதற்காக மாமிக்கு நன்றி சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது அப்பாவிடம் நெஞ்சு எப்படி என்று கேட்க வேண்டாம், கேட்டால் அவர் பேசாமல் இருப்பார், மாமி பதில் சொல்லுவார். ஹெட்போனில் என்ன பாட்டுக் கேட்டீங்கள் என்று கேளுங்கள். பாட்டு விஷயத்தில் அவருக்குப் பொய் சொல்ல வராது.

தூய மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

பயந்தாலும் சொல்வதைச் சொல்லிவிட்ட உங்கள் மகள்,
லவினா