தையல் மிஷின் முன்னால் இருப்பவள்

அன்புத் தங்கைக்கு சலாம்.

ஜமுனாமரத்தூரில் இரண்டு நாளாக மழை. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போன் செய்தால் கட் செய்துவிடுவாய் என்று பயந்து எழுதுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து வேன் வருகிறது. என் ஐம்பது வருடப் படங்களையும் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறார்கள். நம் ஊரிலிருந்து ஓவியம் படிக்கப் போன முதல் பெண் என்று அழைப்பிதழில் போடுவார்களாம். அதன் அட்டைக்கு எந்தப் படத்தைக் கேட்கிறார்கள் என்று உனக்கே தெரிந்திருக்கும்.

முகம் வரைந்த படத்தை மாட்டாத வீடு நம்முடையது. அத்தாவுக்குப் பயந்து எல்லாரையும் முதுகுப்பக்கமாகவே வரைந்தேன். உன்னை மட்டும், மிஷினிலிருந்து நிமிர்ந்து சிரித்தபடி. அது பத்திரிகையில் வந்த வாரம் உன் நிக்காஹ் பேச்சு நின்றது. மற்றதை நான் எழுத வேண்டியதில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் கற்பனை முகம் என்றே சொல்கிறேன்.

இன்று படங்களைக் கட்ட வந்த பக்கத்து வீட்டுச் செந்தாமரை அதை நிமிர்த்திப் பார்த்தாள்.

“யாரும்மா இது? உங்க ஜாடையாவே கீதே!”

“யாருமில்லை, கற்பனை.”

“சும்மா சொல்றீங்க. தெரியாதவங்களப் பாத்து யாராவது இப்டி சிரிப்பாங்களா?”

அதை மட்டும் இன்னும் கட்டவில்லை.

நீ வேண்டாமென்றால் வேனில் ஏற்றமாட்டேன். சரியென்றால், அங்கே யார் கேட்டாலும் என் தங்கை என்று சொல்லலாமா?

பேச வேண்டாம். சம்மதமென்றால் வியாழக்கிழமைக்குள் ஒரு மிஸ்டு கால் கொடு. போனைக் கையிலேயே வைத்திருப்பேன். எடுக்கமாட்டேன்.

உன் அக்கா